விழுந்த பார்ப்பும் எடுத்த கையும்

தொல்காப்பியத்து மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களை வகுத்துரைக்கும் பகுதியைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். பறப்பனவற்றின் இளமைக்கு அங்கே இரண்டு பெயர்கள் தரப்படுகின்றன. ஒன்று பார்ப்பு, மற்றொன்று பிள்ளை. மக்களின் இளமைக்கு ஆசிரியர் கூறும் பெயர்கள் குழவி, மகவு என்னும் இரண்டே. அவையல்லாத பிற பெயர்கள் மக்களுக்கு உரியன ஆகா என்று வரையறுத்தும் விடுகிறார். ஆகவே, அந்நாளைய இலக்கண வழக்கில் ‘பிள்ளை’ என்பது பறவைக் கூட்டில் இருந்த சொல். பின்னரே அது மனிதனின் வீட்டுக்குள் புகுந்தது. பார்ப்பு வழக்கொழிய, அதன் இடத்தைக் குஞ்சு பிடித்துக்கொண்டது. பிள்ளையோ கிளிக்கும் அணிலுக்கும் கீரிக்கும் தென்னங்கன்றுக்கும் பெயராக நின்றதோடு, நம் மடியில் தவழும் மகவுக்கும் பெயராயிற்று. பறவையின் குஞ்சையும் தான் பெற்ற குழந்தையையும் ஒரே சொல்லால் அழைத்த மக்கள், கூட்டிலிருந்து தரையில் விழுந்த குஞ்சைக் கண்டபோது என்ன செய்தார்கள்? அதற்கு வரலாறு உண்டா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

விடையை இலக்கியத்தில் தேடினால் நமக்கு முதலிற் கிடைப்போர் அரசர்கள். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஒருவன். பருந்துக்கு அஞ்சிவந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் இட்ட சிபி மற்றொருவன். சோழர் தம்மைச் செம்பியர் என்று கூறிக்கொண்டது இச்சிபியின் வழியினர் என்னும் பெருமையினால் என்பர். இவ்விரு கதைகளையும் நாம் வகுப்பிற் சொல்லாத ஆண்டில்லை. பிள்ளைகளும் விரும்பிக் கேட்கின்றனர்.

எனினும், ஒன்றை உற்று நோக்க வேண்டும். இக்கதைகளின் நாயகன் பறவை அன்று. மயிலுக்குப் போர்வையால் ஆவது ஒன்றுமில்லை என்பதைப் பாடிய புலவர்களே அறிவர். அதனாலன்றோ அச்செயலைக் கொடைமடம் என்று வியந்தனர்! சிபியின் கதையிலோ, புறா உண்மையில் புறாவே அன்று. மன்னனைச் சோதிக்க வந்த தேவன். தராசு நிறைந்தபின் அப்புறா எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. கொடுத்தவனின் பெருமையை உலகறியச் செய்வதற்கே பறவை அங்கு வந்தது. இக்கதைகளைக் குறைகூற இதனை எழுதவில்லை. வள்ளன்மையைக் கற்பிக்க அவற்றினும் சிறந்தவை அரியன. ஆனால், விழுந்த குஞ்சுக்கு வேண்டியது வள்ளன்மை அன்று. அதற்கு விடியற்காலையில் ஒருமுறையும் பின்னர்ப் பன்முறையும் இரை வேண்டும். நாயும் பூனையும் அணுகாத இடம் வேண்டும். இவ்வாறு வாரக்கணக்கில், சில இனங்களுக்கு மாதக்கணக்கில், ஒருவர் உழைக்க வேண்டும். உழைத்து முடித்தபின் அதனை இழக்கவும் வேண்டும். ஒரு நொடியில் தசையை அரிந்து கொடுப்பது வேறு. மூன்று மாதம் மீன் அரிந்து ஊட்டுவது வேறு. பின்னதைச் செய்தவர்களுக்குப் புலவர் வாய்க்கவில்லை. அவர்கள் ஊரார்.

வேடந்தாங்கல்

அவ்வூரார் முதன்முதலில் எழுத்தாவணத்தில் இடம்பெறுவது தொண்டைநாட்டில். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலை அறியாதார் இரார். வேடரின் தாங்கல் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர்; தாங்கல் என்பது அந்நாட்டு வழக்கில் சிறு ஏரி. வேட்டைக்காரரின் பெயரைத் தாங்கிய ஓர் ஏரி பறவைகளின் புகலிடமானது எண்ணி வியத்தற்குரியது.

அவ்வேரி ஏறத்தாழ 30 எக்டேர்ப் பரப்புடையது. வடகிழக்குப் பருவமழையில் அது நிறையும்போது, நீரில் நிற்கும் மரங்களில் கொக்கு, நாரை, நீர்க்காகம், வக்கா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் முதலியவை ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். அவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. அந்நீர் மதகின் வழியே வயலுக்குப் பாய்கிறது. எருவை விலைகொடுத்து வாங்காமலே பயிர் செழிப்பதை உழவர் கண்டனர். ஆகவே பறவைகளைக் காத்தனர். கும்பெனியாரின் ஆட்சியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் திரண்டுசென்று கலெக்டரிடம் முறையிட்டனர் என்பது அவ்வூரில் வழிவழி வழங்கும் செய்தி. 1798-ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ், அப்பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு ஒப்புக்கொண்டு கௌல் வழங்கினார். கௌல் என்பது அரசு குடிகளுக்கு எழுதிக்கொடுக்கும் உறுதிச்சீட்டு. 1936-இல் அவ்வேரி புகலிடமாக அரசினரால் ஏற்கப்பட்டது. 1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரையுள்ள நிலம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

நூல்களில் இவ்வரலாறு பெரும்பாலும் 1798-இல் தொடங்குகிறது. கலெக்டர் கொடுத்தார், அன்றுமுதல் பறவைகள் காக்கப்பட்டன என்று எழுதிவிடுகிறார்கள். இஃது ஏற்கத்தக்கதன்று. ஊரார் கேட்டதனால் அன்றோ அவர் கொடுத்தார்? கேட்பதற்கு முன்னரே அவர்கள் காத்துவந்தனர் என்பது தானே போதரும். சீட்டு புதியது, செயல் பழையது. பேகனைப் பாடிய மரபு, கலெக்டரையும் அவ்வண்ணமே பாடத் தொடங்கிவிட்டது போலும்! இயற்கை வரலாற்றை ஆங்கிலத்திலும் தமிழிலும் நுணுகி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) வேடந்தாங்கலைப் பற்றி எழுதியவற்றைப் படிப்போர், அங்கே பறவைக்கும் ஊருக்கும் உள்ள உறவையே முதன்மையாகக் காண்பர்.

எருவுக்காகக் காத்தார்கள் என்றால் அதில் அருள் எங்கே என்று சிலர் வினவுவர். பயிற்சி ஆசிரியர்கள் கூடியிருந்த ஓர் அவையில் இவ்வினா என்னிடமே எழுப்பப்பட்டதுண்டு. பசுவுக்குப் புல் இடுபவன் பாலும் கறக்கிறான். அதனால் அவன் பசுவை நேசிக்கவில்லை என்று எவரேனும் கூறுவரா? உழவனின் அன்பு பயனோடு கலந்தே வளர்வது. வெறும் எருவே நோக்கமாயின் மரத்தில் இருக்கும் பறவைகள் போதும். தரையில் விழுந்து, எருவும் இடாமல் உணவும் தேட இயலாமல் கிடக்கும் குஞ்சை எடுத்து வளர்க்க வேண்டிய தேவையே இல்லை. அத்தேவையில்லாத செயலைச் செய்யும் ஊர் ஒன்று தமிழகத்தின் தென்கோடியில் இருக்கிறது.

கூந்தன்குளம்

திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவில், நாங்குநேரி வட்டத்தில் உள்ளது கூந்தன்குளம். வானம் பார்த்த பூமி அது. கூந்தன்குளமும் காடன்குளமும் ஆகிய இரு குளங்கள் அடங்கிய ஏறத்தாழ 130 எக்டேர்ப் பரப்பு, 1994-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1961-இலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் இவ்வூர்க் கூழைக்கடாக் குடியிருப்பைப் பற்றிய குறிப்பு வெளிவந்திருக்கிறது. 2022-இல் வேடந்தாங்கலுடன் இதுவும் ராம்சார்ப் பட்டியலைச் சேர்ந்தது.

கூந்தன்குளத்தின் தனித்தன்மை அதன் நீர்ப்பரப்பில் இல்லை. பறவைகள் குளத்து மரங்களோடு நில்லாமல் ஊருக்குள்ளேயே வந்துவிடுகின்றன. வேம்பிலும் புளியிலும் கருவேலிலும், வீட்டுப் புழக்கடை மரத்திலும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டுகின்றன. கூழைக்கடா சிறு பறவை அன்று. விரித்த சிறகு ஆளுயரத்தையும் விஞ்சும். தாடைப் பையில் மீன்களை அள்ளும். அத்தகைய பறவைகளின் குடும்பங்கள் பல ஒரே மரத்தில், வீட்டுக் கூரைக்கு மேலே குடியிருந்தால் எச்சமும் மீன் நாற்றமும் இரைச்சலும் எவ்வளவு இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஊரார் பொறுக்கின்றனர். பறவைகள் வந்தால் மழையும் நலமும் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. குளத்து வண்டலை எச்சத்தோடு சேர்த்து அள்ளி வயலுக்கு இடுகின்றனர். தீபாவளியன்று அவ்வூரில் வெடி வெடிப்பதில்லை. இவ்வகைக் கட்டுப்பாடு சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி போன்ற ஊர்களிலும் உண்டு. ஒரு பெருநாளின் மகிழ்ச்சியைப் பிள்ளைகள் விட்டுக்கொடுப்பது எளிதன்று என்பதை நம் லயத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி, குஞ்சுகள் ஏன் விழுகின்றன என்பதைக் காண வேண்டும். கூழைக்கடாவின் குஞ்சு முட்டையிலிருந்து வெளிப்படும்போது இறகின்றி, பார்க்கச் சற்று அருவருப்பாகவே இருக்கும். சிறகு முற்றிப் பறக்க மூன்று மாதமேனும் ஆகும். ஐந்து மாதம் ஆவதும் உண்டு. அதுவரை சுள்ளிகளால் அமைந்த ஒரு தட்டின்மேல் அது வாழ்கிறது. கூடுகள் நெருங்கி இருக்கின்றன. உடன்பிறந்த குஞ்சுகள் இரைக்காக முட்டிமோதுகின்றன. பெருங்காற்று அடிக்கிறது, எடை தாங்காமல் கிளை முறிகிறது. கீழே விழுந்தால் அதோடு அதன் கதை முடிந்தது. ஏனெனில், கூட்டமாகக் கூடு கட்டும் இப்பறவைகள் கூட்டில் இருக்கும் குஞ்சுக்கே இரை கொடுப்பன. தரையில் கிடக்கும் குஞ்சைத் தாய் மேலிருந்து கண்டாலும் இறங்கிவந்து ஊட்டுவதில்லை. அது கொடுமை அன்று. அவ்வளவு பெரிய பறவை நெருக்கமான மரங்களினூடே தரைக்கு இறங்கி ஏறுவது அரிது. கூட்டில் எஞ்சிய குஞ்சுகளும் காத்திருக்கின்றன. ஆகவே, விழுந்த குஞ்சு பசியால் இறக்கும். அன்றேல் நாயின் வாய்ப்படும். மனிதக் கை ஒன்றே அதற்குக் கதி.

அந்தக் கை கூந்தன்குளத்தில் நீண்டது. விழுந்த குஞ்சுகளை ஊரார் எடுத்துவந்து சேர்க்கவும், அவற்றை அடைத்து வளர்க்கவும் ஓர் இடம் அங்கு உண்டாயிற்று. இப்பணியில் பெயர்பெற்றவர் பால்பாண்டி. அவ்வூர் உழவர் குடும்பத்திற் பிறந்து, வனத்துறைக்குப் பறவைக் காவலராக உழைத்தவர். நாளிதழ்கள் அவரைப் பறவை மனிதர் என்று எழுதின. அவர் பல ஆண்டுகளாக எடுத்து வளர்த்து விடுவித்த குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் அடங்கும். மனைவி வள்ளித்தாயும் அவருடன் சேர்ந்து அப்பணியைச் செய்தார். இதில் நாம் நின்று நோக்க வேண்டிய ஒன்றுண்டு. கூழைக்கடாக் குஞ்சு மீனன்றி வேறுண்ணாது. வளர வளர அதன் பசி பெருகும். மனிதக் குடும்பம் ஒன்று தன் உலைக்கு வேண்டியதைத் தேடுவதற்கு முன்னர், பல குஞ்சுகளுக்கு அன்றாடம் மீன் தேட வேண்டும் என்றால் அதன் பாரம் எத்தகையது! பேகனுக்கு நாடு இருந்தது. சிபிக்கு அரியணை இருந்தது. இவர்களுக்கு இருந்தது கூலி வருவாய்.

குஞ்சு தேறியதும் என்ன செய்வர்? குளத்தங்கரைக்குக் கொண்டுபோய் விடுவர். முதலில் அது கரையிலேயே நிற்கும். பின்னர் நீரில் இறங்கும். தன் இனம் மீன் பிடிப்பதைக் காணும். ஒருநாள் அக்கூட்டத்தோடு எழும். எழுந்தபின் எது எடுத்து வளர்த்தது, எது கூட்டில் வளர்ந்தது என்று ஒருவராலும் பிரித்தறிய இயலாது.

இம்முயற்சி தமிழருக்கே உரியது என்று பெருமை பேச இடமில்லை. கன்னட நாட்டில், மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையே சிம்சா ஆற்றை அடுத்துக் கொக்கரேபெள்ளூர் என்னும் ஊர் இருக்கிறது. ஊர்ப்பெயரிலேயே கொக்கு இருக்கிறது. 1916-ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊரார் பழைய இடத்தைவிட்டுப் பெயர்ந்தபோது, பறவைகளும் அவர்களைத் தொடர்ந்து புதிய ஊருக்கே வந்தன என்பர். 1994-இல் மைசூர் இயற்கை ஆர்வலர்களின் தூண்டுதலால் அவ்வூர் இளைஞர் ‘ஹெஜ்ஜார்லே பளக’ என்னும் சங்கத்தை அமைத்தனர். கூழைக்கடாவின் சுற்றத்தார் என்பது அப்பெயரின் கருத்து. விழுந்த குஞ்சுகளைப் பட்டியில் அடைத்து மீன் ஊட்டி, பறக்கும் பருவத்தில் விடுவது அவர்தம் தொண்டு. சுற்றம் என்ற சொல்லை அவர்களும் பறவைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விடுவித்தல்

எடுப்பதைவிட விடுவது கடினம் என்பது வளர்த்தவர்க்கே தெரியும். இதற்கு மனம் மட்டும் காரணம் அன்று; பறவையின் இயல்பும் காரணம். ஆஸ்திரிய அறிஞர் கான்ராட் லோரென்ஸ், வாத்தினப் பார்ப்புகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும் முதலிற் காணும் அசையும் உருவையே தாயாக மனத்தில் பதித்துக்கொள்வதை 1935-இல் விரித்தெழுதினார். பறவைப் பார்ப்புகள் அவரைத் தாயென்றெண்ணி வரிசையாகப் பின்தொடர்ந்த படங்களைப் பலர் கண்டிருப்பர். 1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதனைத் தாயாகப் பதித்துக்கொண்ட பறவை பின்னர்த் தன் இனத்தோடு சேராது, இணை தேடாது, மனிதருக்கு அஞ்சாமையால் விரைவில் மடியவும் கூடும். அன்பு மிகுந்தால் அதுவே கேடாகும் என்பது இங்கு அறிவியல் உண்மை.

இதனை நன்குணர்ந்து செய்யப்பட்ட பெருமுயற்சி அமெரிக்காவில் நிகழ்ந்தது. கலிபோர்னியக் காண்டோர் என்னும் பெருங்கழுகு 1987-இல் உலகில் இருபத்தேழாகக் குறைந்தது. எஞ்சியவை அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் வைத்தனர். குஞ்சுகளுக்கு இரையூட்டியவர்கள் தம் முகத்தைக் காட்டவில்லை. தாய்ப்பறவையின் தலையைப்போல் செய்த பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு ஊட்டினர். 1992-இல் மீண்டும் வானில் விடத் தொடங்கினர். ஊட்டுபவர் யார் என்பது ஊட்டப்படுவதற்குத் தெரியவே கூடாது என்று அவர்கள் வகுத்துக்கொண்ட நெறி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

டில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, சமணர் கோயிலைச் சேர்ந்து ஒரு பறவை மருத்துவமனை இருக்கிறது. 1929-இல் தொடங்கப்பட்டு, 1957 முதல் இப்போதைய கட்டடத்தில் நடந்துவருகிறது. வளர்ப்புப் பறவையைச் சிகிச்சைக்குக் கொண்டுவருபவரிடம் அதனை அவர்கள் திருப்பித் தருவதில்லை. குணமானால் வானில் விட்டுவிடுவர். இதற்கு உடன்படுவோரே கொண்டுவரலாம். கண்டிப்பான விதிதான், ஆயினும் அதன் நேர்மையை மறுக்க இயலாது.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கத்தை நாம் இப்பகுதியில் காண்கிறோம். தென்கிழக்காசிய நாடுகளின் ஆலய வாயில்கள் பலவற்றில், சிறு கூண்டுகளில் குருவிகளை அடைத்து விற்பர். புண்ணியம் கருதி ஒருவர் விலைகொடுத்து வாங்கி, கூண்டைத் திறந்து விடுவார். அக்குருவிகள் அவ்வாறு விடப்படுவதற்கென்றே காட்டிற் பிடிக்கப்பட்டவை. வலையிலும் கூண்டிலும் இறந்தவை எத்தனையோ! விடுவித்தவர் மகிழ்ந்து வீடு திரும்புகிறார். இங்கும் கொடுப்பவரின் பெருமைக்காகவே பறவை வருகிறது. மற்றொரு சாரார் விழுந்த கிளிக்குஞ்சை எடுத்து வளர்த்துச் சிறகை நறுக்கிக் கூண்டில் வைத்துக்கொள்வர். கேட்டால் காப்பாற்றினோம் என்பர். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் நாட்டுக்கிளியைக் கூண்டில் வைப்பதைத் தடுக்கிறது. மலேசியாவிலும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவையை உரிமம் இன்றி வைத்திருப்பது குற்றம். காயமுற்ற அரிய பறவை கிடைத்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவிப்பதே முறை.

நம் மலையில்

கேமரன் மலை என்று இதற்குப் பெயர் வந்தது, 1885-இல் இப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரனால். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் தாப்பாவிலிருந்து சாலை மேலேறியது. மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஆகவே, இம்மலையின் முதற் கொழுந்தைப் பறித்த தமிழருள் பலர் அப்பெருவரவின் கடைசி அலையில் வந்தவர்கள். காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களும் அவர்களே. அக்காட்டுப் பறவைகளின் கூடு கலைந்ததில் நம் முன்னோரின் கைக்கும் பங்குண்டு. அவர்கள் வெட்டச் சொன்னதை வெட்டினார்கள்.

இதனை எழுதும்போது தோட்டத்து ஆயாக் கொட்டகை என் நினைவுக்கு வருகிறது. இன்று கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் வெளிநாட்டவராகிவிட்டமையால், இளைய ஆசிரியர்கள் அதனைக் கண்டிருக்கமாட்டார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தையை அங்கே விட்டுச் செல்வர். ஏணைகள் வரிசையாகத் தொங்கும். வயதான ஆயா ஒருவர், உடன் ஒரு துணை; இருவரும் அத்தனை குழந்தைகளுக்கும் பால் கரைத்து ஊட்டி, கழுவி, உறங்க வைப்பர். பிற்பகலில் ஒவ்வொன்றாக அவரவர் தாயிடம் திருப்பிக் கொடுப்பர். மறுநாளும் அவ்வாறே. குழந்தை நடக்கத் தொடங்கி, பள்ளிக்கு வரும் பருவம் வந்ததும் கொட்டகைக்கும் அதற்கும் உறவு முடிந்துவிடும். நானும் அத்தகைய ஏணையிற் கிடந்தவனே. தோட்டத்து வரலாறுகளைப் புரட்டுங்கள். துரைமார் பெயர் இருக்கும். ஏக்கர்க் கணக்கு இருக்கும். ஆலை என்று எழும்பியது என்பது இருக்கும். ஆயாவின் பெயர் இராது. கூந்தன்குளத்துக் குஞ்சுப் பட்டியைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குத் தோன்றியது இக்கொட்டகைதான். பிறர் பிள்ளையை வளர்த்துத் திருப்பிக் கொடுத்தவர்களின் வரலாறு இரண்டிடத்திலும் ஒரே வகையாக எழுதப்படாமற் கிடக்கிறது. கூந்தன்குளத்திலேனும் இருவர் பெயரை நாளிதழ்கள் எழுதிவைத்தன. நம் தோட்டங்களில் ஆயாக்களை அறிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். தமிழாசிரியர்கள் ஒரு குறிப்பேடும் எழுதுகோலுமாக அவர்கள் வீட்டுத் திண்ணைக்குச் செல்வது இவ்வாண்டே நடக்கவேண்டிய வேலை.

ஊரார் செய்யும் இத்தகைய செயல் பழங்கதை ஆகிவிடவில்லை. 2020-ஆம் ஆண்டில் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி என்னும் சிற்றூரில், தெருவிளக்குகளின் பொத்தான் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. விளக்கைப் போட்டால் குருவிக்கு ஆபத்து. ஊரார் கூடிப் பேசினர். சிலர் இருட்டில் எப்படி நடப்பது என்று மறுத்ததும் உண்டு. முடிவில், குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை ஒரு மாதத்திற்கு மேல் அவ்வூர்த் தெருக்கள் விளக்கின்றி இருந்தன. சிபியின் கதைக்குப் பக்கத்தில் இதனையும் வைத்து நம் மாணவருக்குச் சொல்லலாம். அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறுவகையாக இருப்பதைக் காண்பீர்கள்.

இம்மலையில் விழும் குஞ்சுகள் கூழைக்கடாவின் குஞ்சுகள் அல்ல, சிறியன. லயத்து வீடுகளின் இறப்பிலும் பள்ளித் தாழ்வாரத்திலும் தகைவிலான் குருவி சேற்றை உருண்டை உருண்டையாகக் கொணர்ந்து ஒட்டிக் கிண்ணம்போல் கூடு கட்டுகிறது. சிறு பறவைகளின் நிலை பெரும்பறவைகளின் நிலையிலிருந்து வேறுபட்டது என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் நலம். சிறகு முளைத்துத் தத்தித் தாவும் குஞ்சு பெரும்பாலும் விழுந்த குஞ்சே அன்று. பறக்கப் பழகும் குஞ்சு. தாய் அருகில்தான் இருக்கும். பூனையை விரட்டிவிட்டு அதனை ஒரு செடியின்மேல் ஏற்றிவிட்டால் போதும். இறகு முளையாத குஞ்சாயின், கூடு எட்டுமானால் கூட்டிலேயே வைக்க வேண்டும். அதற்குப் பாலும் ரொட்டியும் ஊட்டுவது கொல்வதற்கு ஒப்பாகும். வாயில் நீரைச் சொட்டினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். எடுத்து வளர்க்கும் ஆர்வம் நல்லதுதான்; ஆனால் தாய் இருக்கும்போது நாம் தாயாக முயல்வது வேண்டாத வேலை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மழைநாளில், எங்கள் தாழ்வாரத்துக் கூடொன்று நனைந்து பெயர்ந்து விழுந்தது. மூன்று குஞ்சுகள். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி எட்டி நின்றுகொண்டு, “ஐயா, மனுசங்க தொட்டா அம்மாக் குருவி சேர்த்துக்காதாமே?” என்றாள். இம்மூடநம்பிக்கை நம்மவரிடம் மட்டுமின்றி உலகெங்கும் இருக்கிறது. பறவை மனித வாடையை முகர்ந்து குஞ்சை வெறுப்பதில்லை என்று சொன்னேன். தோட்டக்காரர் பாதிக் கொட்டாங்கச்சியில் துளையிட்டுக் கம்பி கோத்துக் கொடுத்தார். உடைந்த கூட்டின் உலர்ந்த பகுதியையும் கொஞ்சம் காய்ந்த புல்லையும் அதில் பரப்பி, குஞ்சுகளை வைத்து, ஏணி போட்டுப் பழைய இடத்திலேயே கட்டினோம். வகுப்புகளைக் கூட்டத்தின் மறுபக்கமாக நடக்கச் செய்தோம். இடைவேளை மணி அடிப்பதற்குள் தாய் இரையோடு வந்துவிட்டது. இரண்டு குஞ்சுகள் தேறின. ஒன்று இரண்டாம் நாள் இறந்தது. மாணவர்கள் அதனைப் பூச்செடிகளின் ஓரமாகப் புதைத்தனர்.

மூன்றாம் வாரம் கொட்டாங்கச்சி காலியாக இருந்தது. அதை அவிழ்த்துவிடலாமா என்று தோட்டக்காரர் கேட்டார்; இருக்கட்டும் என்றேன். அடுத்த பருவத்தில் ஓர் இணை அதன் விளிம்பில் சேறு பூசத் தொடங்கியிருந்தது.